செங்கல்பட்டு மாவட்டம்: டோல்கேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது? ஏரி, பாலாறு, கடல், மக்கள் - முழு விவரம்

பொங்கல், தீபாவளி வந்தால் செய்தி சேனல்களில் தவறாமல் அடிபடும் ஊர்ப்பெயர் பரனூர். சுங்கச்சாவடியில் கிலோமீட்டர் கணக்கில் கார்கள் நிற்கும். தென் மாவட்டங்களிலிருந்து வருபவர்களுக்கு செங்கல்பட்டு என்றால் அந்த நெரிசலும், ரயில் ஜன்னலில் தெரியும் கொளவாய் ஏரியும்தான். சென்னைக்காரர்களைக் கேட்டா, ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். பயணம், மாமல்லபுரத்தில் ஒரு போட்டோ, வழியில் மீன் வறுவல். அதோடு முடிந்தது.

ஆனால் ஜி.எஸ்.டி. சாலைக்கும் ஈ.சி.ஆருக்கும் நடுவிலும், அவற்றின் இரு பக்கங்களிலும் விரிந்து கிடக்கும் நிலம் தமிழகத்தின் மிகப் பழமையான வேளாண் பகுதிகளில் ஒன்று. சென்னையின் குடிநீரில் ஒரு பங்கு, நாடு முழுக்க பாம்புக்கடிக்குப் போடப்படும் ஊசி மருந்தின் மூலப்பொருள், உலகெங்கும் கோயில்களுக்குப் போகும் கற்சிலைகள் எல்லாம் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. அந்த நிலம் இன்று வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. யாருக்காக, எப்படி என்பதுதான் கேள்வி.

மாவட்டம் எப்போது உருவானது?

காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 29 அன்று தமிழகத்தின் 37-வது மாவட்டமாக செங்கல்பட்டு செயல்படத் தொடங்கியது. செங்கல்பட்டு, மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம், திருப்போரூர், வண்டலூர், தாம்பரம், பல்லாவரம் என எட்டு வட்டங்கள்.

புது மாவட்டம் என்றாலும் பெயர் புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் 'செங்கல்பட்டு ஜில்லா' என்றால் இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம் எல்லாம் சேர்ந்த பெரிய பரப்பு. 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காடு நவாப் கிழக்கிந்திய கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த நிலம் அது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களில் ஊர்வாரியாகக் கணக்கெடுத்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஏரி, யாருக்கு எவ்வளவு மானியம் என்பது வரை பதிவானது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஊரில் கலெக்டர் ஆபீஸ் இல்லாமலே பல தலைமுறை ஓடிவிட்டது. தலைமையகம் நீண்ட காலம் சைதாப்பேட்டையில் இருந்தது. 1968-க்குப் பிறகு காஞ்சிபுரத்துக்குப் போனது. 1997-ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது 'செங்கல்பட்டு' என்ற பெயரே மாவட்டப் பட்டியலிலிருந்து காணாமல் போனது. 2019-ல்தான் பெயரும் தலைமையகமும் ஒரே ஊரில் சேர்ந்தன.

பெயர்க்காரணம்? நீர்நிலைகளில் பூக்கும் செங்கழுநீர்ப் பூவை வைத்து 'செங்கழுநீர்ப்பட்டு' என்று வழங்கி, பிறகு செங்கல்பட்டு ஆனது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். செங்கலுக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை.

நில அமைப்பு எப்படி?

மேற்கிலிருந்து கிழக்கே போனால் மூன்று விதமான நிலம். முதலில் பாறைக் குன்றுகளும் அவற்றுக்கு இடையே ஏரிகளும். நடுவே பாலாற்றுப் படுகை. கடைசியில் மணல்மேடு, கழிவெளி, கடல்.

குன்றுகள் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் புவியியல் படிப்பவர்களுக்கு பல்லாவரம் ஒரு யாத்திரைத் தலம் மாதிரி. கல்கத்தாவில் கம்பெனி குடியிருப்பை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறையும் ஒரே ரகம் என்று கண்ட தாமஸ் ஹாலந்து, அந்தப் பாறைக்கு 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். இன்று உலகம் முழுக்க அந்த வகைப் பாறைக்கு அதே பெயர்தான்.

அதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்று அது. இன்று அங்கே விமான நிலையச் சத்தமும் மேம்பாலமும்தான்.

ஏன் இத்தனை ஏரிகள்?

காவிரி மாதிரி வருடம் முழுக்க ஓடும் ஆறு இங்கே கிடையாது. மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். அந்த சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் அடுத்த பத்து மாதம் பிழைப்பு. அதான் பல்லவர் காலத்திலிருந்தே ஏரி வெட்டிக்கொண்டே வந்தார்கள்.

இந்த ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல, ஒரு சங்கிலி. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் கீழ் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. மதகைத் திறந்து வயல்வயலாகத் தண்ணீர் விட ஊருக்கு ஒரு நீர்க்கட்டி இருப்பார். கரையைப் பராமரிக்க குடிமராமத்து. நடுவில் ஒரு வாய்க்காலை மூடி பிளாட் போட்டால், அந்த ஓர் இடத்தோடு பாதிப்பு நிற்காது. கீழே உள்ள ஏரிகள் காயும், மேலே உள்ள தெருக்கள் மூழ்கும். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மாவட்டத்தின் பெரிய ஏரி மதுராந்தகம். உத்தம சோழனின் மதுராந்தகன் என்ற பெயரைத் தாங்கிய ஊர். ஏரியின் உபரி நீர் கிளியாறு வழியாகப் பாலாற்றுக்குப் போகும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனி கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ், உடையப்போகும் கரையை ராம லட்சுமணர்கள் காவல் நின்று காத்ததைக் கண்டார் என்பது ஊர்க்கதை. 'ஏரி காத்த ராமர்' என்று கோயிலுக்கு இன்றும் அதே பெயர். கதையை நம்பலாம், நம்பாமல் விடலாம். சாமிக்கே ஏரிக்காவல் வேலை கொடுத்த ஊர்க்காரர்களுக்குக் கரையின் அருமை தெரிந்திருந்தது.

வேடந்தாங்கலில் பறவைகளைக் காத்தது யார்?

அரசு என்று சொன்னால் பாதி பதில்தான். செங்கல்பட்டில் இருந்த சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அதன்பேரில் 1798-ல் லியோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. சட்டமும் சரணாலயமும் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. 2022-ல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

ஊர்மக்களுக்கு இதில் பாசம் மட்டுமல்ல, கணக்கும் உண்டு. சுமார் 30 ஹெக்டேர் ஏரியில் நீர்க்கடம்பு மரங்கள் மேல் ஆயிரக்கணக்கில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கரண்டிவாயன் கூடு கட்டும்போது, எச்சம் முழுக்க தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் அதுவே உரம். சைபீரியா, மத்திய ஆசியா போன்ற குளிர்ப் பிரதேசங்களிலிருந்து நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவையும் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகின்றன. அங்கே ஏரிகள் உறையும் மாதங்கள்தான் இங்கே ஏரிகள் நிரம்பும் மாதங்கள்.

ஆனால் பறவை ஏரியில் கூடு கட்டினாலும் இரை தேடுவது சுற்றுவட்டார வயல்களிலும் குட்டைகளிலும்தான். 2020-ல் சரணாலய எல்லையைச் சுருக்கும் யோசனை வந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியதற்குக் காரணம் இதுதான். ஏரியை மட்டும் வேலி போட்டுக் காத்துவிட்டு வயல்களை இழந்தால், பறவைக்கு வீடு இருக்கும், சாப்பாடு இருக்காது.

பாலாற்றில் தண்ணீர் ஓடுமா?

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, தமிழகத்தில் சுமார் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடலில் கலக்கிறது பாலாறு. பெரும்பாலான நாட்களில் பாலத்திலிருந்து பார்த்தால் மணலும் சீமைக்கருவேலமும்தான் தெரியும். 2021 நவம்பரில் மட்டும் பல பத்தாண்டுகளாகப் பார்க்காத வெள்ளம் இருகரை தொட்டு ஓடியது.

மேலே காய்ந்திருந்தாலும் மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். தாம்பரம், பல்லாவரம் பகுதிகளுக்கும் கல்பாக்கத்துக்கும் பல ஆண்டுகளாகக் குடிநீர் கொடுத்தது ஆற்றுப்படுகைக் கிணறுகள்தான். மணல் ஒரு பெரிய பஞ்சு மாதிரி. பஞ்சை அள்ளி லாரியில் ஏற்றிவிட்டால் தண்ணீர் எங்கே தங்கும்? முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. நன்னீர் குறையக் குறைய கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வரும். அதைத் தடுக்கவே வாயலூரில் தடுப்பணை கட்டப்பட்டது.

கடலோரம் வெறும் பீச்சா?

இல்லை. கடற்கரைக்கு இணையாக மணல்மேடுகள், அவற்றுக்குப் பின்னால் கழிவெளி, அதன் ஊடாக பக்கிங்காம் கால்வாய். முட்டுக்காடு, கோவளம் தொடங்கி தெற்கே இடைக்கழிநாடு வரை இதே அமைப்புதான். 'இடைக்கழிநாடு' என்ற பெயரே கழிகளுக்கு இடையில் உள்ள நாடு என்பதைச் சொல்கிறது. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் இடைக்கழிநாட்டுக்காரர். அப்படியென்றால் இந்தப் பெயரின் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மணல்மேட்டில் பெய்யும் மழை அப்படியே கீழே இறங்கும். நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் அதன் மேலே மிதந்து நிற்கும். அதனால்தான் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கிணற்றிலும் தண்ணீர் இனிக்கும். போர் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். ஒருமுறை ஏறிவிட்டால் லேசில் இறங்காது.

இந்தக் கரை வெளியுலகத்தோடு பேசிப் பழகிய கரை. மாமல்லபுரத்தில் 7, 8-ஆம் நூற்றாண்டுகளில் பல்லவர்கள் செதுக்கியவை 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் வந்து துணி வாங்கினார்கள். அவர்களுடைய கோட்டையும் கல்லறைகளும் இன்றும் இருக்கின்றன. அதன் பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை, 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர் இடித்துப் போட்டது.

2004 சுனாமி இந்தக் கரையில் பல குப்பங்களைச் சூறையாடியது. கல்பாக்கம் நகரியத்திலும் உயிர்கள் போயின. அதே அலை மணலை அள்ளிப்போட்டதில் சாளுவன்குப்பத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு வெளிப்பட்டது. தொல்லியல் துறை 2005-ல் தோண்டியபோது, பல்லவர் கால முருகன் கோயிலும் அதன் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயிலும் கிடைத்தன.

மீனவர்கள் கடலை எப்படிப் படிக்கிறார்கள்?

கோவளம், பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம் குப்பம், கொக்கிலமேடு என வரிசையாக மீனவ ஊர்கள். பெரும்பாலும் பட்டினவர்கள். கட்டுமரத்தில் போனவர்கள், குறிப்பாக சுனாமிக்குப் பிறகு, ஃபைபர் போட்டுக்கு மாறினார்கள். ஊர்ப் பஞ்சாயத்து, கடலுக்குப் போகாத நாள் என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு.

கரையில் நிற்பவருக்குக் காற்று என்றால் காற்று. கடலுக்குப் போகிறவருக்கு அது திசை, மீன், ஆபத்து எல்லாம் சேர்ந்தது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, மேற்கிலிருந்து வந்தால் கச்சான், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். தண்ணீரின் ஓட்டத்துக்கும் பெயர் உண்டு: வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் 'வன்னி', தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் 'தெண்டி'.

இந்த ஓட்டத்தைப் புரிந்துகொண்டால் கடலரிப்பும் புரியும். வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் ஓட்டம் வடக்கு நோக்கிப் போகும். மணலையும் கூடவே எடுத்துப் போகும். பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். நடுவில் கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை கரையும். ஒரு குப்பத்தைக் காப்பாற்றப் போட்ட கல், அடுத்த குப்பத்தின் கரையைத் தின்னும். மணல் போனால் மீனவருக்கு போட் நிறுத்த, வலை காயப்போட, மீன் உலர்த்த இடமில்லை. தை, மாசியில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கும் இடமில்லை. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கடற்கரைகளில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியது தேசியச் செய்தியானது.

இருளர்கள்: பாம்பு பிடிப்பவர்கள் மட்டும்தானா?

மாவட்டத்தின் பழங்குடிகள் இருளர்கள். 2011 கணக்கெடுப்புப்படி தமிழகத்தில் சுமார் 1.9 லட்சம் பேர். காடு, வயல்வரப்பு, ஏரிக்கரை, கழிவெளி எல்லாம் அவர்களுடைய பிழைப்பு வெளி. வயலில் எலி பிடிப்பார்கள், மூலிகை தெரியும், கழியில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடித்து, வாயில் கவ்விய பனையோலைப் பறியில் போடுவார்கள்.

ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972 வனவிலங்குச் சட்டமும் அதைத் தொடர்ந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978-ல் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு வகைப் பாம்புகளைப் பிடித்து வந்து, பானையில் வைத்து, சுமார் மூன்று வாரத்தில் நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது.

இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இந்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அந்தச் சிறிய சங்கத்தின் எடை புரியும். 2023-ல் இந்த மாவட்டத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனாலும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை ஒவ்வொரு முறையும் அனுமதி கொடுக்க வேண்டும். அனுமதி தள்ளிப்போனால் வேலையும் தள்ளிப்போகும்.

விருது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சாதிச் சான்றிதழ், வீட்டுமனைப் பட்டா, ரேஷன் கார்டு இவற்றுக்காக அலையும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்காகக் கொத்தடிமையாகச் சிக்கி மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் அதிகம்.

வருடத்தில் ஒரு நாள் மாமல்லபுரம் கடற்கரை அவர்களுடையது. மாசி மகத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்து வந்து மணலில் தங்கி, ஏழு படி மணல் மேடை கட்டி, கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பது, கல்யாணம் முடிப்பது, பழைய தகராறு தீர்ப்பது எல்லாம் அங்கேயே நடக்கும்.

உளிச் சத்தம் இன்னும் கேட்கிறதா?

கேட்கிறது, மிஷின் சத்தத்தோடு. 1957-ல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிலையம்தான் இன்றைய கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. அதன் முதல்வராக இருந்த வை. கணபதி ஸ்தபதிதான் கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையை உருவாக்கியவர். 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுத்தி, உளியோடு வாரக்கணக்கில் ஆகும் வேலையை இப்போது கட்டர் மிஷின் நாள்கணக்கில் முடிக்கிறது. கூடவே தூசியும் பல மடங்கு. நுரையீரலைக் கெடுக்கும் கல்தூசிக்கு முகத்தில் கட்டிய ஒரு துண்டு போதாது.

இப்போது என்ன பிரச்சினை?

ஒரே வரியில் சொன்னால், தண்ணீரும் இடமும் யாருக்கு என்பது. மாவட்டத்தின் வடபாதி சென்னையின் நீட்சியாகவே ஆகிவிட்டது. தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஓ.எம்.ஆர். ஓரம் ஐ.டி. வளாகங்கள், ஜி.எஸ்.டி. ஓரம் தொழிற்சாலைகள். தென்பாதியில் செய்யூர், மதுராந்தகம் பக்கம் இன்னும் நெல், கரும்பு, சவுக்கு, உப்பளம்.

சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நெம்மேலியில் 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டருடன் வந்தது. 2024-ல் அங்கேயே 15 கோடி லிட்டர் ஆலை. அருகில் பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-ல் அடிக்கல். எடுத்த கடல்நீரில் பாதிக்கும் மேல் கூடுதல் உப்போடு திரும்பக் கடலுக்கே போகும். கரை அரிப்பதாகவும் மீன் விலகிப் போவதாகவும் அருகிலுள்ள சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

அடுத்தது, கோவளம் - திருப்போரூர் இடையே கழிவெளிப் பகுதியில் சுமார் 3,010 ஏக்கரில் 1.6 டி.எம்.சி. நீர்த்தேக்கம். 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. மழைக்காலத்தில் கடலுக்குப் போகும் தண்ணீரைத் தேக்கினால் சென்னையின் தாகம் தீரும் என்பது அரசுத் தரப்பு. கழிவெளி வெற்று நிலமல்ல, நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில்தான் இறாலும் நண்டும் வளரும் என்பது மீனவர் தரப்பு. முகத்துவாரத்துக்கு வரும் நன்னீர் குறைந்தால் மணல் வாயை அடைக்கும், மீன்வரத்தும் நிற்கும்.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. தாகமும் உண்மை, பிழைப்பும் உண்மை. ஆனால் 1798-ல் வேடந்தாங்கல்காரர்கள் மனுவோடு போனபோது, ஏரியைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்று ஒரு கலெக்டர் ஏற்றுக்கொண்டார். அந்த ஒரு முடிவால் 200 வருடம் கழித்தும் அங்கே பறவை வருகிறது. கழிவெளியின் ஆழம் தெரிந்த மீனவரையும் இருளரையும் கேட்ட பிறகு வரைபடம் போடுகிறார்களா, போட்ட பிறகு கேட்கிறார்களா என்பதில்தான் இந்தக் கரையின் அடுத்த 200 வருடம் இருக்கிறது.